வாளிக் கணக்கு: வாசகர் கேள்வி – மருத்துவர் பதில்

ஏமன் போரில் காலரா அவ்வளவு வேகமாகப் பரவியது ஏன்? மருந்துத் தட்டுப்பாடா?
– கல்லூரி மாணவி, திருநெல்வேலி

முதல் காரணம் தண்ணீர். 2016 அக்டோபரில் தொடங்கிய நோய் 2017 ஏப்ரலில் மறுபடி மூண்டது. அந்த ஆண்டு முடிவதற்குள் காலரா என்று சந்தேகிக்கப்பட்டவர்கள் 10 லட்சத்தைத் தாண்டிவிட்டார்கள். பம்புக்கு டீசல் இல்லை. கழிவுநீர் நிலையங்கள் நின்றன. குப்பை அள்ளுபவருக்கும் நர்ஸுக்கும் மாதக்கணக்கில் சம்பளம் இல்லை. மருத்துவமனைகளில் பாதிக்கும் குறைவானவையே முழுதாக இயங்கின. கடும் காலரா சில மணி நேரத்திலேயே உயிரை எடுத்துவிடும். சண்டை நடக்கும் சாலையில், சோதனைச் சாவடிகளைத் தாண்டி நோயாளி வந்து சேர அதைவிட அதிக நேரம் ஆகலாம். அதனால்தான் பெரிய சிகிச்சை முகாமுக்கு முன்பே ஊருக்கு ஊர் ஓ.ஆர்.எஸ். (குடிக்கும் உப்பு-சர்க்கரைக் கரைசல்) கொடுக்கும் இடம் திறக்க வேண்டும் என்று வற்புறுத்துகிறோம்.

காலரா முகாமில் என்னதான் செய்வார்கள்? குளுக்கோஸ் ஏற்றுவார்களா?
– நர்சிங் மாணவர், தஞ்சாவூர்

கையில் ஏறும் எந்த டிரிப்பையும் 'குளுக்கோஸ்' என்று சொல்லிப் பழகிவிட்டோம். காலராவில் அந்தப் பழக்கம் ஆபத்து. வெறும் 5 சதவீத குளுக்கோஸில் உப்புச் சத்து கிடையாது. பேதியில் போவதோ தண்ணீரோடு உப்பும். ஏற்ற வேண்டியது ரிங்கர் லாக்டேட் என்ற, உப்புச் சத்துகள் கலந்த டிரிப் நீர்.

கண் குழிந்து, வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மடிப்பு அப்படியே நின்று, மணிக்கட்டில் நாடி கிடைக்காமல் வருபவருக்கு கிலோவுக்கு 100 மி.லி. தேவை. 50 கிலோ ஆள் என்றால் முதல் அரை மணியில் 1,500 மி.லி., அடுத்த இரண்டரை மணியில் 3,500 மி.லி.; அதாவது மூன்று மணி நேரத்தில் அரை லிட்டர் பாட்டில் பத்து! மெல்லிய ஊசியில் இது இறங்காது. 16 அல்லது 18 கேஜ் அளவுள்ள தடித்த ஊசி வேண்டும், தேவைப்பட்டால் இரண்டு கையிலும். வழக்கமான டிரிப் போலச் சொட்டுச் சொட்டாக விடுவதுதான் நாம் அதிகம் அஞ்சும் தவறு. அரை மணி கழிந்தும் நாடி மெலிந்தே இருந்தால் முதல் அளவை இன்னொரு முறை கொடுக்க வேண்டும். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு கிலோ கணக்கு அதேதான்; நேரம் மட்டும் ஒரு மணி, பிறகு ஐந்து மணி. எலும்பும் தோலுமான குழந்தைக்கு இந்த வேகம் ஆகாது, இதயம் தாங்காது. ஏமனில் அப்படிப்பட்ட குழந்தைகள் ஏராளம் என்பதால் வாசலிலேயே மேற்கையின் சுற்றளவைப் பார்த்துவிட வேண்டும்.

பிறகு எல்லாம் வாளிக் கணக்கு. கட்டிலில் இடுப்பு வரும் இடத்தில் ஓட்டை, கீழே அளவுக்கோடு போட்ட வாளி. கழுநீர்போல வெளுத்து விழுவது எத்தனை லிட்டரோ, அத்தனையும் உள்ளே போக வேண்டும். குடிக்க முடிந்த நிமிடத்திலிருந்து ஓ.ஆர்.எஸ். வாந்தி எடுத்தால் நிறுத்திவிடாதீர்கள். பத்து நிமிடம் பொறுத்து ஸ்பூன் ஸ்பூனாகத் தொடருங்கள். ஆன்டிபயாடிக் (பெரியவருக்கு டாக்ஸிசைக்ளின் 300 மி.கி., ஒரே வேளை) பேதியின் நாட்களைக் குறைக்கும், உயிரைக் காப்பது நீர்தான்.

டிரிப் பாட்டிலே தீர்ந்துபோனால்?
– ஆசிரியை, காரைக்கால்

1971-இல் வங்கதேசப் போரின்போது மேற்கு வங்கத்தின் போங்காவ் மருத்துவமனையில் நடந்தது அதுதான். அகதிகள் தரையெல்லாம் கிடந்தார்கள். டாக்டர் திலீப் மஹாலனபிஸ் லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சோடா உப்பு என்று கலந்து, உறவினர்கள் கையாலேயே குடிக்கக் கொடுக்க வைத்தார். 30 சதவீதம் வரை இருந்த இறப்பு 3.6 சதவீதத்துக்கு இறங்கியது. குளுக்கோஸ் குடலில் உறிஞ்சப்படும்போது உப்பையும் நீரையும் கூடவே இழுத்துச் செல்கிறது. காலராவிலும் அந்த வழி அடைபடுவதில்லை. ஒரு எச்சரிக்கை: ஒரு லிட்டர் தண்ணீருக்கான ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை ஒரு டம்ளரில் கரைக்காதீர்கள். உப்பு மிஞ்சினால் குழந்தைக்கு வலிப்பு வரலாம்.

முகாமிலிருந்தே நோய் பரவாதா?
– வாசகர், ஈரோடு

குளோரின் பிசகினால் பரவும். 70 சதவீதக் குளோரின் தூள் 30 கிராமை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்தால் மலம், வாந்தி வாளிக்கு. அதே 30 கிராம் 10 லிட்டரில் தரைக்கும் கட்டிலுக்கும். 7 கிராம் 10 லிட்டரில் கை கழுவ. கைக்கான வாளியில் தரைக்கானது போனால் தோல் எரிந்து, ஊழியர்கள் கை கழுவுவதையே விட்டுவிடுவார்கள். மூன்றுக்கும் மூன்று நிறத்தில் மூடியுள்ள பிளாஸ்டிக் வாளி வையுங்கள், தகரம் அரித்துவிடும். வெயில் படாத இடத்தில் தினமும் புதிதாகக் கரையுங்கள்.