ஸ்பேனரைப் பிடிக்க ஓர் ஆள்

கேள்வி: எனக்கு வயது 44. பள்ளி ஆசிரியை. திருமணம் செய்துகொள்ளவில்லை. அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து பதினாலு மாதம் ஆகிறது. வலது பக்கம் வரவில்லை, பேச்சும் போய்விட்டது. காது நன்றாகக் கேட்கிறது, சொன்னால் புரிகிறது. பகலில் ஓர் அம்மாள் வந்து பார்த்துக்கொள்கிறார். இரவு முழுக்க நான்தான். குடும்ப நாவல்களாகப் படித்துத் தள்ளிய எனக்கு இப்போது அவற்றில் ஒரு பக்கம்கூட ஓடவில்லை. சிநேகிதியின் மகன் கொடுத்த ‘தி ஹிட்ச்ஹைக்கர்ஸ் கைடு டு தி கேலக்ஸி’ என்ற ஆங்கில நாவலை மூன்றாவது தடவையாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். போன மாதம் அம்மாவின் பென்ஷன் விஷயமாக லைஃப் சர்டிபிகேட் வாங்க ஓர் அலுவலகத்துக்குப் போனேன். “அவங்களை நேர்ல கூட்டிட்டு வாங்க” என்று சொல்லிவிட்டார்கள். அன்றிரவு அந்த நாவலில் அதிகாரிகள் பேசும் இடம் வந்தபோது வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். வந்திருந்த தம்பி, “அம்மா இப்படிக் கிடக்கும்போது உனக்கு எப்படிக்கா சிரிப்பு வருது?” என்று கேட்டான். அதிலிருந்து புத்தகத்தைத் தொடவே கூசுகிறது. என் மனசு மரத்துப்போய்விட்டதா? இந்த வயதில் ராக்கெட் கதையில் எனக்கு என்ன இருக்கிறது?
– பெயர் வேண்டாம், சேலம்.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் சிரித்த இடம் எது என்று எனக்குத் தெரியும். எனக்கும் அந்தப் பக்கங்கள் கிட்டத்தட்ட மனப்பாடம். படிக்காத வாசகர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

ஆர்தர் டென்ட் என்ற ஒரு சாதாரண ஆங்கிலேயர் ஒரு வியாழக்கிழமை காலையில் எழுந்து பார்த்தால், வீட்டு வாசலில் மஞ்சள் நிற புல்டோசர் நிற்கிறது. பைபாஸ் சாலைக்காக அவர் வீட்டை இடிக்கப்போகிறார்கள். ஆட்சேபணை இருந்தால் முன்னாடியே சொல்லியிருக்க வேண்டாமா என்று கேட்கிறார்கள். வரைபடத்தை எங்கே வைத்திருந்தார்கள் தெரியுமா? விளக்கும் இல்லாத, படியும் இல்லாத நிலவறையில், யாரும் போகாத ஒரு கழிப்பறைக்குள், பூட்டிய பீரோவின் அடித்தட்டில். கதவில் ‘சிறுத்தை ஜாக்கிரதை’ என்று போர்டு வேறு. சற்று நேரத்தில் வானத்தை மறைத்துக்கொண்டு வோகன்கள் என்ற வேற்றுக்கிரகவாசிகளின் கப்பல்கள் வருகின்றன. அண்டவெளி பைபாஸுக்காகப் பூமியையே இடிக்கப்போகிறோம் என்கிறார்கள். வரைபடம் ஆல்ஃபா சென்டாரியில் ஐம்பது வருஷமாகப் பார்வைக்கு வைத்திருந்தோமே, நீங்கள்தான் வந்து பார்க்கவில்லை என்று கோபித்துக்கொள்கிறார்கள். ஆல்ஃபா சென்டாரி நிஜமான நட்சத்திரக் கூட்டம். இங்கிருந்து சுமார் 4.4 ஒளியாண்டு தூரம்.

எழுந்து உட்காரவே முடியாத அம்மாவை ‘நேர்ல’ கூட்டிக்கொண்டு வரச் சொன்ன குரலும் இதே குரல்தான். பகலில் கவுன்ட்டருக்கு வெளியே நின்று அந்தக் குரலைக் கேட்டபோது நீங்கள் தனியாள். இரவில் புத்தகத்தைப் பிரித்தால் அதே பதிலை ஒரு பூமி மொத்தமும் வாங்கிக்கொண்டு நிற்கிறது. நெஞ்சில் அடைத்துக்கொண்டிருந்தது சிரிப்பாக வெளியே வந்தது. மனசு மரத்தவர்களுக்கு அந்த இடம் வெறும் அச்சு எழுத்து, அவ்வளவுதான். (இடையில் ஒன்று: ‘ஜீவன் பிரமாண்’ என்ற டிஜிட்டல் உயிர்வாழ் சான்றிதழைத் தபால்காரர் வீட்டுக்கே வந்து பதிவு செய்துதரும் வசதி இருக்கிறது. அம்மாவின் பென்ஷனுக்கு அது செல்லுமா என்று பக்கத்துத் தபால் நிலையத்தில் கேளுங்கள். யாரும் அம்மாவைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம்.)

ராக்கெட் கதையில் எனக்கு என்ன இருக்கிறது என்று கேட்டீர்கள். இந்த வகைக்கு ‘ஸ்பேஸ் ஓபரா’ என்று பெயர். அமெரிக்காவில் சோப்பு கம்பெனிகள் காசு கொடுத்து ஒலிபரப்பிய அழுமூஞ்சித் தொடர்களை ‘சோப் ஓபரா’ என்பார்கள். அந்தச் சாயலில் வில்சன் டக்கர் என்ற விஞ்ஞானக் கதை எழுத்தாளர் 1941-இல் இளக்காரமாக வைத்த பெயர் இது. அந்தக் காலத்து விண்வெளிக் கதைகளில் கதாநாயகன் நட்சத்திரங்களைப் பந்தாடுவான், அவனுக்கு இடுப்பு வலிக்காது, பசிக்காது. பிறகு வந்த நகைச்சுவை எழுத்தாளர்கள் அதே கப்பல்களை, அதே பிரம்மாண்டத்தை வைத்துக்கொண்டு, உள்ளே நம்மைப் போன்ற ஓர் ஆளை ஏற்றிவிட்டார்கள். டென்ட் டிரெஸ்ஸிங் கவுனோடு பூமியை விட்டுக் கிளம்புகிறார். அவரைச் சுற்றிப் பல கோடி நட்சத்திரங்கள். அவர் மனசு தேடுவதோ ஒரு கப் நல்ல டீ. கப்பலின் இயந்திரத்துக்கு அது லேசில் பிடிபடுவதில்லை. விடியற்காலை நாலு மணிக்கு அம்மாவைத் துடைத்து, துணி மாற்றி, அடுப்பைப் பற்றவைக்கிற உங்களுக்கு அந்த டீ எவ்வளவு பெரிய விஷயம் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

குடும்ப நாவல் ஓடாததற்குக் காரணமும் இதுதான் என்று நினைக்கிறேன். அதில் கட்டில் இருக்கும், மருந்து வாசனை இருக்கும், தம்பி இருப்பான், பணக்கணக்கு இருக்கும். நாளெல்லாம் அதிலேயே இருந்துவிட்டு இரவில் மறுபடி அதையே படிக்க யாராலும் முடியாது. அதே பாரத்தை வெகுதூரத்தில், வேறு உடுப்புப் போட்டுக் காட்டினால் மனசு பக்கத்தில் போகிறது.

என் அப்பாவின் கடைசி மாதங்களில், ஆஸ்பத்திரி வராந்தாவின் இரும்பு நாற்காலியில் உட்கார்ந்து நான் படித்த கதை ஒன்று உண்டு. போலந்து எழுத்தாளர் ஸ்டானிஸ்லாவ் லெம் எழுதியது. 1957-இல் முதலில் வெளிவந்து பின்னால் சேர்த்துச் சேர்த்து வளர்ந்த ‘தி ஸ்டார் டைரீஸ்’ தொகுப்பில் ‘ஏழாவது பயணம்’ என்று இருக்கும். இயோன் டிஹி என்பவன் ராக்கெட்டில் தன்னந்தனியாகப் போகிறான். மொச்சைக்கொட்டை அளவு விண்கல் ஒன்று துளைத்து, சுக்கான் உடைந்துவிடுகிறது. மாற்றுச் சுக்கான் கையிலேயே இருக்கிறது, ஸ்பேனரும் இருக்கிறது. ஆனால் ஒருத்தன் போல்ட்டைப் பிடித்துக்கொண்டால்தான் இன்னொருத்தன் நட்டை முறுக்க முடியும். அந்த இரண்டாவது ஆள் இல்லை. அவ்வளவு பெரிய அண்டத்தில் அவனுக்கு வந்த கஷ்டம், ஸ்பேனரைப் பிடிக்க ஓர் ஆள் இல்லாததுதான்.

பிறகு கப்பல், நாட்கள் முன்பின்னாகக் கலந்துவிடும் காலச்சுழல்களுக்குள் சிக்குகிறது. செவ்வாய்க்கிழமை டிஹி வந்து திங்கட்கிழமை டிஹியை எழுப்புகிறான். இவனோ கனவு என்று திரும்பிப் படுத்துக்கொள்கிறான். போகப் போகக் கப்பல் நிறைய அவனே. வேலையைச் செய்யத்தான் ஆள் இல்லை. இருக்கிற ஒரே விண்வெளி உடையை யார் போட்டுக்கொள்வது, சாக்லேட்டைத் தின்றது யார் என்று அடிதடி. கடைசியில் இரண்டு சின்னப் பையன்கள், அவர்களும் அவனேதான், பெரியவர்கள் கத்திக்கொண்டிருக்கும்போதே சத்தமில்லாமல் போய் நட்டை முறுக்கிவிட்டு வந்துவிடுகிறார்கள். லெம், நாஜி ஆக்கிரமிப்புக் காலத்தில் கராஜில் மெக்கானிக்காகவும் வெல்டராகவும் வேலை பார்த்தவர். ஸ்பேனரின் கனம் கைக்குத் தெரிந்தவர் எழுதிய கதை.

அன்று அப்பாவுக்குப் பெட்ஷீட் மாற்ற வேண்டியிருந்தது. படுக்கையில் இருப்பவரை ஒரு பக்கம் சாய்த்துப் பிடித்துக்கொண்டு பழைய விரிப்பைச் சுருட்டித் தள்ளி, புதியதை விரித்து, மறுபக்கம் புரட்ட வேண்டும். உங்களுக்குத் தெரியாததா? தனி ஆளாகச் செய்தால் பாதியில் கை நடுங்கும். வார்டில் கூப்பிட்ட குரலுக்கு ஆள் இல்லை. எனக்கு டிஹி நினைவு வந்தான். அப்பாவின் தோளைப் பிடித்தபடியே சிரித்தேன், கூடவே அழுதேன். அன்று யாராவது என்னைப் பார்த்து உங்கள் தம்பி கேட்டதையே கேட்டிருந்தால் உடைந்துபோயிருப்பேன். அதனால்தான் சொல்கிறேன், அந்தச் சிரிப்புக்காகக் கூசாதீர்கள்.

தம்பி மேல் கோபமும் வேண்டாம். அவர் வந்து போகிறவர். வருகிற ஒவ்வொரு தடவையும் அம்மாவின் நிலைமை அவருக்குப் புதிதாக அடிக்கிறது. நீங்கள் அதற்குள்ளேயே வாழ்கிறவர். இரவு பன்னிரண்டு மணிக்கும் இரண்டு மணிக்கும் நாலு மணிக்கும் நீங்கள் எழுவதை அவர் பார்த்திருக்க மாட்டார். பார்க்கட்டும். ‘சனிக்கிழமை ராத்திரி நீ வந்து அம்மாகூட இரு’ என்று கேளுங்கள். குறையாகச் சொல்லாமல், உதவியாகவே கேளுங்கள். பெட்ஷீட் மாற்றும்போது இந்த ஸ்பேனர் கதையையும் அவரிடம் சொல்லுங்கள்.

அம்மாவுக்குக் காது கேட்கிறது, புரிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் தனியாகப் படித்துத் தனியாக ஏன் சிரிக்க வேண்டும்? நீங்கள் கையில் வைத்திருக்கும் கதை முதலில் நாவலாக வரவேயில்லை. 1978 மார்ச் 8 அன்று பிபிசி ரேடியோ 4-இல் இரவு பத்தரை மணிக்கு நாடகமாக ஒலித்தது. டக்ளஸ் ஆடம்ஸ் அதைப் புத்தகமாக எழுதியது அடுத்த வருஷம். காதில் விழுவதற்கென்றே பிறந்த வாக்கியங்கள் என்பதால் உரக்கப் படித்தால் இன்னும் நன்றாக இருக்கும். ஒவ்வொரு பத்தியாக நீங்களே தமிழில் சொல்லிக்கொண்டு போங்கள். புல்டோசர், பைபாஸ், பூட்டிய பீரோ எல்லாம் நம் ஊரிலும் நடக்கிற சங்கதிதானே.

ஆங்கிலக் கதை அம்மாவுக்கு அந்நியமாக இருக்குமோ என்று தோன்றினால், சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’வில் ஆரம்பியுங்கள். விண்வெளிக் கதை இல்லைதான். ஆனால் இயந்திர நாய் ஜீனோவின் வாய்த்துடுக்கு இதே குடும்பம். ஆனந்த விகடனில் தொடராக வந்த கதை. உங்கள் அம்மா வயதுக்காரர்கள் பலர் அதை வாராவாரம் காத்திருந்து படித்தவர்கள். ஜீனோ பெயரைக் கேட்டதும் முகத்தில் ஏதாவது தெரிகிறதா பாருங்கள்.

உங்களுக்கென்று அடுத்த புத்தகமாக மார்த்தா வெல்ஸ் எழுதிய ‘ஆல் சிஸ்டம்ஸ் ரெட்’டைச் சொல்வேன். 2017-இல் வந்தது, சின்னப் புத்தகம், இரண்டு மூன்று இரவில் முடிந்துவிடும். மனிதர்களுக்குக் காவல் இருப்பதற்கென்றே செய்யப்பட்ட ஓர் இயந்திரம், தன்னைக் கட்டிப்போட்டிருந்த கட்டுப்பாட்டை ரகசியமாக உடைத்துவிடுகிறது. விடுதலை கிடைத்ததும் அது செய்வதெல்லாம் சீரியல், சினிமா, புத்தகம் என்று மூழ்கிக் கிடப்பதுதான், 35,000 மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக. ‘என்னைக் கொஞ்சம் சும்மா விடுங்களேன்’ என்று உள்ளுக்குள் அலுத்துக்கொண்டே, ஆபத்து வந்ததும் முதல் ஆளாக அவர்கள் முன்னால் போய் நிற்கும். அந்த அலுப்பும் அந்த அன்பும் ஒரே நெஞ்சில் இருப்பதை நான் வேறெங்கும் இவ்வளவு நேர்மையாகப் படித்ததில்லை. ஹாரி ஹாரிசனின் ‘பில், தி கேலக்டிக் ஹீரோ’வையும் யாராவது சிபாரிசு செய்வார்கள். அருமையான புத்தகம்தான். ஆனால் கை கால் போவதை வைத்துச் சிரிக்கவைக்கும் இடங்கள் அதில் உண்டு. இப்போது வேண்டாம், அப்புறம் படிக்கலாம்.

சனிக்கிழமை தம்பி வந்தால், விரிப்பை இரண்டு பேருமாக மாற்றிவிட்டு, ஜீனோ புத்தகத்தை அவர் கையில் கொடுங்கள். அம்மாவுக்கு அவர் படிக்கட்டும். நீங்கள் அடுத்த அறையில் கதவைச் சாத்திக்கொண்டு விடியும்வரை தூங்குங்கள்.