தலையாட்டுவதற்கா நிர்வாகக் குழு? – கேள்வி பதில்

சேவை அமைப்புகளின் நிர்வாகக் குழுக்களில் இருப்பவர்கள் அனுப்பிய கேள்விகளில், திரும்பத் திரும்ப வந்தவற்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன். பதிவு, வரி, ஆண்டறிக்கை ஆகியவை நாட்டுக்கு நாடு மாறும். அவற்றுக்கு உங்கள் தணிக்கையாளரையும் வழக்கறிஞரையும் அணுகுங்கள். எந்தச் சட்டத்தின் கீழ் பதிவான அமைப்பாக இருந்தாலும் குழுவுக்கு உள்ள அடிப்படைக் கடமைகளைப் பற்றித்தான் நான் பேசப்போகிறேன்.

புதிய உறுப்பினர்: ஐயா, பல ஆண்டுகள் தன்னார்வலராக இருந்தேன். இப்போது நிர்வாகக் குழுவில் சேர்த்திருக்கிறார்கள். ஓர் ஊழியரிடம் வேலையை வேறு விதமாகச் செய்யச் சொன்னேன். அன்றாட நிர்வாகத்தைப் பார்க்கும் எங்கள் இயக்குநர் வருத்தப்பட்டார். நான் செய்தது தவறா?

இயக்குநரின் வருத்தம் நியாயமானது. குழு உறுப்பினர் என்பதற்காகத் தனியாளாக உங்களுக்கு எந்த அதிகாரமும் வந்துவிடுவதில்லை. முறையாகக் கூட்டப்பட்ட கூட்டத்தில் தீர்மானம் நிறைவேறும்போதுதான் குழுவின் அதிகாரம் செயல்படுகிறது. குழு உங்களிடம் ஒரு பொறுப்பை ஒப்படைத்திருந்தாலொழிய, கூட்டத்துக்கு வெளியே நீங்கள் யாருக்கும் உத்தரவிட முடியாது. தன்னார்வலராகத் தாராளமாகத் தொடருங்கள். ஆனால் அந்த வேளையில் அந்தப் பணியின் பொறுப்பாளர் சொல்கிறபடி நடக்க வேண்டும். ஊழியருக்கு இரண்டு எஜமானர்கள் வந்தால் வேலை கெடும். அத்தோடு, நீங்களே தலையிட்ட ஒரு காரியத்துக்கு நாளை இயக்குநரிடம் எப்படிக் கணக்குக் கேட்பீர்கள்?

இணைச் செயலாளர்: எங்கள் நிறுவனர் தம் சொத்தை விற்று அமைப்பைத் தொடங்கியவர். அவரே தலைவர், அவரே அன்றாட நிர்வாகி. எங்கள் எல்லோருக்கும் அவர்மேல் பெருமதிப்பு உண்டு. ஆனால் கூட்டத்தில் தலையாட்டுவதைத் தவிர எங்களுக்கு வேலை இல்லை. கேள்வி கேட்டால், "என்மேல் நம்பிக்கை இல்லையா?" என்கிறார்.

வந்தவற்றில் என் மனத்தை அதிகம் உறுத்திய கேள்வி இது. நல்ல அமைப்புகள் இப்படித்தான் மெல்லச் சீர்கெடுகின்றன. யாரிடமும் தீய எண்ணம் இருக்காது.

அவருடைய இரண்டு பதவிகளையும் பிரிக்க வேண்டும். அன்றாட நிர்வாகியை மேற்பார்வையிடுவது குழுவின் வேலை. அந்தக் குழுவின் தலைவரும் அவரே என்றால், தம் விடைத்தாளைத் தாமே திருத்துகிறார் என்று பொருள். ஆனால் இதை அவருக்கு எதிரான புகாராகக் கொண்டுபோகாதீர்கள். "திடீரென்று உங்களுக்கு உடல்நலம் குன்றினால் சம்பளத்துக்கு யார் கையெழுத்திடுவார்? நன்கொடையாளர்களிடம் யார் பேசுவார்?" என்று கேளுங்கள். அமைப்பைப் பெற்ற பிள்ளையாக நினைக்கும் ஒருவர் அந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க மாட்டார்.

நம்பிக்கை பற்றிய அவருடைய கேள்விக்கு நான் சொல்லும் பதில் இது: "உங்கள் கணக்கு நேர்மையானது என்று நாளை வெளியார் முன் நாங்கள் சாட்சி சொல்ல வேண்டும். பார்க்காத ஒன்றுக்கு எப்படிச் சாட்சி சொல்வோம்?"

நன்கொடை திரட்டித் தொண்டுப் பணிகளுக்கு வழங்கும் அமெரிக்காவின் யுனைடெட் வே அமைப்பை 1970 முதல் நடத்திவந்த வில்லியம் அராமோனி 1992இல் பதவி விலக நேர்ந்தது. 1995இல் மோசடிக் குற்றத்துக்காகச் சிறைத்தண்டனை பெற்றார். அவர் காலத்தில் அமைப்பு மிகப் பெரிதாக வளர்ந்தது. குழுவில் பெருநிறுவனங்களை நடத்திய ஜாம்பவான்கள் இருந்தார்கள். கெட்டிக்காரர்கள் குழுவில் இருந்தாலே போதும் என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

இரண்டு பழக்கங்களை இப்போதே தொடங்கலாம். ஒவ்வொரு கூட்டத்தின் முடிவிலும், ஊழியர்களும் இயக்குநரும் இல்லாமல் குழு மட்டும் சற்று நேரம் பேசட்டும். பிரச்சினை இல்லாத நாளிலும் இது நடக்க வேண்டும். அப்போதுதான் பிரச்சினை வந்த நாளில் அது யாரையும் புண்படுத்தாது. அடுத்து, ஆண்டின் தொடக்கத்தில் இயக்குநரோடு சேர்ந்து இலக்குகளை எழுதி வைத்து, ஆண்டு முடிவில் அவற்றை வைத்தே அவர் பணியை மதிப்பிடுங்கள்.

குழு உறுப்பினர், ஆசிரியை: பொருளாளர் ஆண்டுக்கு ஒரு முறை கணக்கை வாசிப்பார். எனக்குப் பாதி புரியாது. மற்றவர்கள் கைதட்டுவார்கள், நானும் தட்டிவிடுவேன். கணக்குத் தெரியாத நான் என்ன செய்ய முடியும்?

சகோதரி, புரியவில்லை என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். உங்களோடு கைதட்டுபவர்களில் பலருக்கும் புரிந்திருக்காது. உறுப்பினருக்குப் புரியும்படி கணக்கை விளக்குவது பொருளாளரின் கடமை.

தணிக்கை செய்த ஆண்டுக் கணக்கு, முடிந்துபோன காலத்தைப் பற்றியது. ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரே பக்கத்தில் ஓர் அறிக்கை கேளுங்கள். வங்கியில் எவ்வளவு இருக்கிறது? அதில் குறிப்பிட்ட திட்டத்துக்கென்றே வந்த பணம் எவ்வளவு, நம் விருப்பப்படி செலவிடக்கூடியது எவ்வளவு? வரவுசெலவுத் திட்டத்துக்கும் நடந்ததற்கும் எங்கே இடைவெளி? ஊழியர் சம்பளத்தில் பிடித்த வரியை உரிய இடத்தில் கட்டியாயிற்றா? புதிய வரவு நின்றுபோனால் கையிருப்பில் எத்தனை மாதம் தாக்குப்பிடிக்கலாம்?

திட்டத்துக்கு வந்த பணம் பற்றிய கேள்வியை ஒருபோதும் விட்டுவிடாதீர்கள். கட்டடத்துக்கு வந்த நன்கொடையை எடுத்துச் சம்பளம் கொடுத்துவிட்டு, 'அடுத்த மாதம் ஈடுகட்டிவிடலாம்' என்று நினைப்பார்கள். வங்கி இருப்பு பார்ப்பதற்குச் செழிப்பாக இருக்கும். அமைப்போ உள்ளுக்குள் கடனில் இருக்கும்.

கையிருப்பு பற்றிய கடைசிக் கேள்விக்கு லண்டனின் கிட்ஸ் கம்பெனி ஓர் உதாரணம். 1996இல் தொடங்கி, ஆதரவற்ற குழந்தைகளுக்காகப் பெரும் பணி செய்த அமைப்பு. வேகமாக வளர்ந்தது, ஆனால் காப்பு நிதியைச் சேர்க்கவில்லை. 2015 ஆகஸ்டில் மூடப்பட்டது. 2016இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழு, அமைப்பின் நிர்வாகக் குழுவில் இருந்த அறங்காவலர்களைக் கடுமையாகக் குறை கூறியது. ஆனால் அவர்களைத் தகுதிநீக்கம் செய்யக் கோரிய வழக்கை 2021இல் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. நல்ல மனமுள்ளவர்கள் நடத்திய அமைப்பும் கையிருப்பு இல்லாவிட்டால் விழும். விழும்போது நடுத்தெருவில் நிற்பவர்கள் அதை நம்பியிருந்த குழந்தைகள்.

இன்னொன்று. செலவுக்கு ஒப்புதல் தருபவர், பணம் கொடுப்பவர், கணக்கு எழுதுபவர் மூவரும் வெவ்வேறு ஆட்களாக இருக்கட்டும். சிறிய அமைப்பில் அது முடியாவிட்டால், காசோலையில் கையெழுத்திடாத ஓர் உறுப்பினராவது மாதந்தோறும் வங்கி அறிக்கையை நேரடியாகப் பார்க்க வேண்டும்.

தலைவர்: கூட்டத்தில் இருவர் மட்டுமே பேசுகிறார்கள். மற்றவர்கள் வாய் திறப்பதில்லை.

ஹென்றி மார்ட்டின் ராபர்ட் என்ற அமெரிக்க ராணுவப் பொறியாளர், கூட்ட நடைமுறை தெரியாமலேயே 1863இல் ஒரு தேவாலயக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்று, அது கூச்சல் குழப்பமானதைக் கண்டார். அதன்பின் நடைமுறைகளைப் படித்து 1876இல் விதிகளாக வெளியிட்டார். இன்றும் பல அமைப்புகள் அவற்றைப் பின்பற்றுகின்றன. அவற்றில் உங்களுக்கு வேண்டியது ஒன்று: ஒரு பொருள் பற்றி இதுவரை பேசாத எவரேனும் பேச விரும்பினால், ஏற்கெனவே பேசியவருக்கு மறுவாய்ப்பு கிடையாது. அதோடு உங்கள் கருத்தைக் கடைசியில் சொல்லுங்கள். தலைவர் முதலில் சொல்லிவிட்டால் மற்றவர்கள் அதை முடிவாகவே எடுத்துக்கொள்வார்கள்.

பெயர் வேண்டாம் என்றவர்: கட்டட ஒப்பந்தம் தலைவரின் மைத்துனருடைய நிறுவனத்துக்குப் போகிறது. விலை குறைவுதான் என்கிறார்கள். இது தவறா?

உறவினர் என்பதாலேயே தவறாகிவிடாது. மறைத்தால் தவறு. தலைவர் தம் உறவைக் கூட்டத்தில் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். பிறரிடமும் விலைப்புள்ளிகள் வாங்க வேண்டும். இந்தப் பொருள் விவாதிக்கப்படும்போது அவர் அறையைவிட்டு வெளியேற வேண்டும், வாக்களிக்கக் கூடாது. இவை அனைத்தும் கூட்டக் குறிப்பில் ஏற வேண்டும். வாக்களிக்காமல் அதே நாற்காலியில் உட்கார்ந்திருப்பதை நான் ஏற்கமாட்டேன். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு எவரும் மனம்விட்டுப் பேச முடியாது. 'விலை குறைவுதான்' என்பதைப் பிற விலைப்புள்ளிகளைப் பார்த்தபின் குழுவே சொல்லட்டும்.

செயலாளர்: கூட்டக் குறிப்பில் யார் என்ன பேசினார் என்று எல்லாவற்றையும் எழுத வேண்டுமா?

வேண்டாம். வந்தவர் யார், கோரம் (கூட்டம் செல்லுபடியாக வர வேண்டிய குறைந்தபட்ச உறுப்பினர் எண்ணிக்கை) இருந்ததா, எந்த ஆவணங்கள் முன்வைக்கப்பட்டன, என்ன காரணத்தால் என்ன முடிவு, யார் எப்போது செய்து முடிப்பார் – இவை போதும். ஒருவர் தம் எதிர்ப்பைப் பதிவு செய்யச் சொன்னால், அதைக் கட்டாயம் எழுதுங்கள். ஒரு வாரத்துக்குள் வரைவை அனைவருக்கும் அனுப்பிவிடுங்கள்.

துணைத் தலைவர்: கோரம் சேர்வதே இல்லை. வந்தவர்களை வைத்து முடிவெடுத்து, பிறகு கையெழுத்து வாங்கிக்கொள்ளலாமா?

கூடாது. அந்தத் தீர்மானம் செல்லாது. வராத நாளுக்கு வந்ததாகக் கையெழுத்திடுவது பொய்ப் பதிவு. தொடர்ந்து வராதவர்களை உங்கள் விதிமுறைப்படி விடுவித்து, வரக்கூடியவர்களைச் சேருங்கள்.

குழு உறுப்பினர்: எங்களிடம் உதவி பெறுபவர்களைக் குழுவில் சேர்க்கலாமா? 'அவர்களுக்கு நிர்வாகம் தெரியாது' என்கிறார்கள்.

சேருங்கள். தன் வீட்டுக்கு உதவி வந்து சேர்ந்ததா இல்லையா என்பது அவருக்குத்தான் தெரியும். நிர்வாகத்தைக் கற்றுக்கொடுத்துவிடலாம். ஒருவரை மட்டும் அடையாளத்துக்காக உட்காரவைக்காதீர்கள், இருவராவது இருந்தால்தான் துணிந்து பேசுவார்கள். கூட்டத்துக்கு வரும் செலவை அமைப்பு ஏற்கட்டும், ஆவணங்கள் அவர்களுக்குப் புரியும் மொழியில் முன்கூட்டியே கிடைக்கட்டும். அவர்களுக்குக் கிடைக்கும் உதவி பற்றிய முடிவு வரும்போது, மைத்துனர் விஷயத்தில் சொன்ன அதே விதி இவர்களுக்கும் பொருந்தும்.

குழு உறுப்பினர்: ஓர் ஊழியர் இயக்குநரைப் பற்றி என்னிடம் அழுதுகொண்டே புகார் சொன்னார். யாரிடமும் சொல்ல வேண்டாம் என்கிறார்.

ரகசியம் காப்பதாக வாக்குக் கொடுக்காதீர்கள். "தேவையானவர்களுக்கு மட்டும் சொல்வேன், நீங்கள் பழிவாங்கப்படாமல் பார்த்துக்கொள்ளக் குழுவை வலியுறுத்துவேன்" என்று சொல்லுங்கள். நீங்களே விசாரணையில் இறங்க வேண்டாம். தலைவரிடம் எழுத்தில் கொடுங்கள். பாலியல் துன்புறுத்தலோ குழந்தைகளுக்குத் தீங்கோ என்றால் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. சட்டம் சொல்லும் இடத்துக்கு அது போயாக வேண்டும்.

நீண்ட நாள் உறுப்பினர்: சொல்லிச் சொல்லிச் சலித்துவிட்டேன். விலகிவிடலாமா?

விலகுமுன் உங்கள் ஐயத்தை எழுத்தில் கொடுத்து, கூட்ட நிகழ்ச்சி நிரலில் சேர்க்கச் சொல்லுங்கள். அதற்கும் இடம் இல்லையென்றால், எதிர்ப்பைக் குறிப்பில் பதியச் சொல்லுங்கள். பணக் கையாடல் என்று சந்தேகிக்க ஆதாரம் இருந்தால் தணிக்கையாளரிடமும், தேவைப்பட்டால் கண்காணிப்பு அதிகாரியிடமும் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். அமைதியாக நழுவிவிட்டால் பாதிக்கப்படுபவர்களுக்காகப் பேச அங்கே எவரும் இருக்கமாட்டார்கள். விலகுவதாக முடிவெடுத்தால் காரணத்தைக் கடிதத்திலேயே எழுதுங்கள். உங்கள் காலத்து முடிவுகளுக்கான பொறுப்பு விலகலோடு நீங்கிவிடாது என்பதால், கடிதத்தின் நகலையும் பெற்றுக்கொண்டதற்கான ஒப்புதலையும் பத்திரப்படுத்துங்கள். வங்கியில் கையெழுத்திடுபவர் பட்டியலிலிருந்தும் பதிவு அலுவலக ஆவணங்களிலிருந்தும் உங்கள் பெயர் நீக்கப்பட்டதா என்று நீங்களே போய்ச் சரிபாருங்கள்.