ஊரூர் குப்பத்து மணலும் வரப்போகும் சாலையும்: கேள்வி பதில்

சென்னை பெசன்ட் நகர் கடற்கரையின் வடக்குப் பக்கம், ஊரூர் குப்பத்திலிருந்து அடையாறு முகத்துவாரம் வரை பெரும்பகுதி இன்னும் திறந்த மணல்தான். அதில் சாலை போடாமல் அப்படியே விட்டுவைக்கக் கோரும் மீனவர்களோடு பல வருடங்களாக வேலை செய்கிறேன். நண்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

வேளச்சேரி, ஐ.டி. ஊழியர்: சார், அடையாறு முகத்துவாரத்தில் உடைந்து கிடக்கிற பாலத்தைத் திரும்பக் கட்டி பட்டினப்பாக்கத்தையும் பெசன்ட் நகரையும் சாலையால் இணைத்தால் எவ்வளவு நேரம் மிச்சமாகும்! வெறும் மணல்தானே, யாருக்கு என்ன நஷ்டம்?

நெரிசலில் தினமும் மாட்டிக்கொள்கிறவர் கேட்கிற கேள்வி, நியாயமானதுதான். ஆனால் ஒரு நாள் காலை ஆறு மணிக்கு அங்கே வந்து பாருங்கள். பெரிய வலை இழுக்கிற நாளாக இருந்தால் இன்னும் நல்லது. படகு வலையை அரைவட்டமாகக் கடலில் விட்டுவிட்டு வரும். கயிற்றின் இரண்டு முனைகளும் கரையில் வெகுதூரம் தள்ளித் தள்ளி இருக்கும். இரண்டு பக்கமும் ஆட்கள் வரிசையாக நின்று இழுத்தபடியே ஒருவரை நோக்கி ஒருவர் நகர்ந்து வருவார்கள். அவர்கள் நடக்கிற அந்த நீளம் முழுக்க மணல் வேண்டும், குறுக்கே எதுவும் இருக்கக் கூடாது. கொஞ்சம் மேலே வந்தால் படகுகள், வலை பின்னுகிற இடம், பெண்கள் நெத்திலி காயப்போடுகிற இடம். இதில் எந்த இடத்தை வெறும் மணல் என்று சொல்வீர்கள்?

நேரம் மிச்சமாவது பற்றி இன்னொன்று. மெரினாவுக்குத் தெற்கே கடற்கரையோரம் போகும் லூப் சாலையில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். சாலை வருவதற்கு முன்பே அங்கே மீன் விற்றுக்கொண்டிருந்தவர்கள் நொச்சிக்குப்பத்து மக்கள். சாலை வந்தது, வண்டிகள் பெருகின. 2023 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கு எடுத்தபோது, போக்குவரத்துக்கு இடைஞ்சலாகச் சொல்லப்பட்டவை அந்த மீன் கடைகள்தான். 2024-ல் அவர்களுக்கென மீன் அங்காடி கட்டித் திறந்தார்கள், சரி. ஆனாலும் சொந்த வாசலிலேயே ஆக்கிரமிப்பாளர் என்ற பெயரை வாங்கிக் கொடுத்தது அந்தச் சாலை. ஊரூர் குப்பம் பயப்படுவது இதற்குத்தான்.

திருவான்மியூர், இல்லத்தரசி: மீனவர்களுக்கு அந்த மணலில் பட்டா கிடையாதே. அரசாங்க நிலத்தில் அரசாங்கம் எதுவும் செய்யலாம் அல்லவா?

பட்டா கிடையாதுதான், அம்மா. பதிவேட்டில் புறம்போக்கு என்றுதான் இருக்கும். ஏரிக்கரை, மேய்ச்சல் நிலம், சுடுகாடு எல்லாமும் அப்படித்தான். யாருக்கும் தனிச் சொத்தாக இல்லாததால் எல்லோருக்கும் பயன்படுகிற இடம் அது. இந்தத் தகராறு இன்று தொடங்கியதும் அல்ல. 1985-ல் மெரினாவை அழகுபடுத்த வேண்டுமென்று கட்டுமரங்களையும் வலைகளையும் அகற்றப் போய், அது போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் முடிந்து மீனவர்கள் உயிரிழந்தார்கள். பிறகு 2009-10 வாக்கில் மெரினா கலங்கரை விளக்கத்திலிருந்து கொட்டிவாக்கம் வரை கடற்கரையோரம் மேம்பாலச் சாலை என்றார்கள். குப்பங்களும் பெசன்ட் நகர்வாசிகளும் சேர்ந்து எதிர்த்தார்கள். அந்தச் சாலை வரவில்லை. அன்று சேர்ந்தவர்கள் பலர் இன்றும் சேர்ந்து நிற்பதால்தான் இந்த மணல் மிச்சமிருக்கிறது.

சட்டக் கல்லூரி மாணவி: சட்டத்தில் எதைப் பிடித்துக்கொண்டு வாதாடுகிறீர்கள்?

கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, அதாவது சி.ஆர்.இசட். முதலில் வந்தது 1991-ல், அடுத்து 2011, இப்போதைய வடிவம் 2019. உயர் அலைக் கோட்டிலிருந்து நிலப்பக்கம் 500 மீட்டர் வரை இதன் கட்டுப்பாடு உண்டு. நகர்ப்புறத்தில் ஏற்கெனவே இருக்கிற சாலைக்கோ அனுமதி பெற்ற பழைய கட்டடத்துக்கோ நிலப்பக்கம்தான் கட்டடம் வரலாம். அப்படியானால் கடலை ஒட்டி ஒரு புதுச் சாலை போட்டு, அதற்கு நிலப்பக்கம் கட்டிக்கொண்டால் என்ன என்று யாருக்கும் தோன்றும். அறிவிக்கை எழுதியவர்களுக்கும் அது தோன்றியிருக்கிறது. பழைய சாலைக்குக் கடல்பக்கம் புதிதாகப் போடும் சாலையைக் காட்டிக் கட்டட அனுமதி கேட்க முடியாது என்று அதிலேயே எழுதிவைத்தார்கள். அந்த வரியைத் தேடிப் படியுங்கள்.

2019 அறிவிக்கையில் எனக்குப் பெரிய வருத்தம் உண்டு. கிராமப்புறக் கடற்கரையில் 200 மீட்டராக இருந்த கட்டுமானத் தடைப் பகுதியை, சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வாழும் ஊர்களில் 50 மீட்டராகச் சுருக்கிவிட்டார்கள். மக்கள் நெருக்கமாக வாழ்கிற ஊருக்குத்தானே திறந்த மணல் அதிகம் தேவை?

கடலூர் மாவட்டம், மீனவ இளைஞர்: அண்ணா, எங்க ஊர்ல ரிசார்ட் வரப்போகுதுன்னு பேசிக்கிறாங்க. எங்கிருந்து ஆரம்பிக்கிறது?

தம்பி, முதலில் ஊர்க் கூட்டம் போடுங்கள். பஞ்சாயத்தார் மட்டும் இல்லாமல் மீன் விற்கிற பெண்களும் அதில் உட்கார வேண்டும். அடுத்த வேலை வரைபடம். இதைத்தான் எல்லோரும் தள்ளிப்போடுகிறார்கள், அதனால்தான் தோற்கிறார்கள். அரசின் கடற்கரை மண்டல மேலாண்மைத் திட்ட வரைபடத்தில் மீனவ கிராமங்கள், மீன் உலர்த்தும் தளம், படகு நிறுத்தும் இடம், பொதுப் பயன்பாட்டு இடங்கள் எல்லாம் குறிக்கப்பட வேண்டும். குறிக்காமல் விட்டால் அந்த இடம் காலி என்று ஆகிவிடும். நாளைக்கு அதிகாரி அந்தத் தாளைத்தான் பார்ப்பார், உங்கள் மணலை அல்ல.

நாங்கள் முதலில் வரைந்தது ஒரு கோடைகாலத்தில். கையில் போனை வைத்துக்கொண்டு ஒவ்வொரு இடமாக நடந்து குறித்தோம். வேலை முடிந்தது என்று விரித்துக் காட்டியபோது ஓர் அக்கா கேட்டார்: "ஐப்பசியில படகை எங்க தம்பி ஏத்துவோம்?" மழைக்காலத்தில் அலை மேலே ஏறிவரும், படகுகளை இன்னும் உள்ளே இழுத்துப் போடுவார்கள். கோடையில் அந்த இடம் சும்மா கிடக்கும், நாங்கள் குறிக்கவில்லை. எல்லாவற்றையும் மறுபடி வரைந்தோம். நீங்களும் கோடையில் ஒரு முறை, மழைக்காலத்தில் ஒரு முறை நடந்து பாருங்கள்.

அப்புறம் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில் தர வேண்டும். ரிசார்ட்டுக்கு சி.ஆர்.இசட் அனுமதி இருக்கிறதா என்று கேட்பதோடு நிறுத்தாமல் விண்ணப்ப நகல், வரைபட நகல், கூட்டக் குறிப்பு எல்லாம் கேளுங்கள். சி.ஆர்.இசட் விதிகளைக் கவனிக்கிற, ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் குழுவில் மீனவர் உள்ளிட்ட கடலோரச் சமூகத்தினர் குறைந்தது மூன்று பேர் இருக்க வேண்டும் என்று 2011 அறிவிக்கை சொன்னது. உங்கள் மாவட்டத்தில் அவர்கள் யார் என்றும் அதே மனுவில் கேட்டுவிடுங்கள்.

தேதியை மட்டும் விட்டுவிடாதீர்கள். கொடுத்த அனுமதியை எதிர்த்து, சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கிற தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் போக 30 நாள்தான் கெடு. தக்க காரணம் காட்டினால் இன்னும் 60 நாள் கிடைக்கலாம். அனுமதியே இல்லாமல் வேலை நடந்தால் ஆறு மாதம் இருக்கிறது. இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய். நம் பக்கத்துக்கான அமர்வு சென்னையிலேயே இருக்கிறது, டெல்லிக்கு அலைய வேண்டாம்.

பள்ளி ஆசிரியை, நாகப்பட்டினம்: இந்தக் கடற்கரையில் ஆமைகள் முட்டையிடுகின்றனவாமே?

ஆமாம், பங்குனி ஆமை. தை, மாசி, பங்குனி மாத இரவுகளில் கரையேறி, பின்னங்கால்களால் குழி பறித்து நூறு முட்டை அளவில் இட்டுவிட்டு, மூடிவிட்டுப் போய்விடும். மாணவர்களே நடத்துகிற கடலாமைப் பாதுகாப்புக் குழு ஒன்று 1988-லிருந்து இரவு இரவாக நடந்து அந்த முட்டைகளைக் காப்பாற்றி வருகிறது. குஞ்சுகள் வெளிச்சம் இருக்கும் பக்கமாகப் போகும். இயற்கையில் அது கடல்பக்கம். மணலில் சாலை போட்டு விளக்கு நட்டால் அவை கடலுக்குப் போகாமல் சாலைக்கு வரும். 2025 ஜனவரியில் சென்னை சுற்றுவட்டாரத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் இறந்து ஒதுங்கின. அது கடலுக்குள் வலையில் சிக்கி மூச்சுத் திணறும் பிரச்சினை, அதையும் தீர்க்க வேண்டும். அதற்காகக் கரையையும் கெடுத்துவிடலாம் என்று ஆகிவிடாது.

சிவில் படிக்கும் மாணவர்: கல் கொட்டித் தடுப்புக் கட்டினால் மணலைக் காப்பாற்ற முடியாதா?

நம் கரையில் மணல் வருடத்தின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. குறுக்கே கல் போட்டால் தெற்கே சேரும், வடக்கே அரிக்கும். சென்னைத் துறைமுகம் வந்தபின் மெரினா அகலமானதும் ராயபுரம் பக்கம் கடல் உள்ளே வந்ததும் இப்படித்தான். புதுச்சேரியிலும் 1980-களின் கடைசியில் துறைமுகச் சுவர் கட்டினார்கள், வடக்கே நகரத்துக் கடற்கரை மணல் போய்விட்டது.

பெயர் வேண்டாம் என்றவர்: எல்லாவற்றையும் எதிர்க்கிறீர்களே, குப்பத்துக்கு நல்லது எதுவுமே வேண்டாமா?

வேண்டும். ஊர்க் கூட்டத்தில் நான் கேட்ட வரையில் அவர்கள் கேட்பது: சுத்தமான கழிப்பறை, குடிநீர், கருவாடு காயவைக்கத் தளம், அடையாற்றில் கழிவுநீர் கலக்காமல் இருப்பது, பிள்ளைகள் கல்யாணமாகித் தனிக்குடித்தனம் போக அதே குப்பத்தில் வீடு. சாலை வேண்டும் என்று ஒருவரும் கேட்டதில்லை.

பெங்களூரிலிருந்து ஒரு தமிழர்: தொலைவில் இருக்கிறேன், என்ன உதவி செய்யலாம்?

அரசின் கடற்கரை மண்டல வரைவு வரைபடங்கள் கருத்துக்கேட்புக்கு வரும்போது படித்துப் பார்த்து ஆட்சேபம் எழுதி அனுப்புங்கள். ஊருக்கு வரும்போது குப்பத்துப் பெண்களிடம் மீன் வாங்குங்கள். எப்போது வருகிறீர்கள் என்று முன்கூட்டிச் சொன்னால், பெரிய வலை இழுக்கிற நாள் பார்த்துச் சொல்கிறேன்.