இரண்டுக்கும் விண்ணப்பியுங்கள், கையில் வருவது ஒன்றுதான்

தம்பி, அமெரிக்கத் தபால் துறையில் நிரந்தர வேலை கிடைத்ததற்கு வாழ்த்துகள். வேலையில் அடிபட்டு முடங்கிவிட்டால் தொழிலாளர் இழப்பீடும் இயலாமை ஓய்வூதியமும் சேர்ந்து கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். கிடைக்காது. ஒரே காலத்துக்கு இரண்டில் ஒன்றைத்தான் வாங்கலாம். இருந்தாலும் இரண்டுக்கும் விண்ணப்பித்து வைக்க வேண்டும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.

இழப்பீடு தருவது அமெரிக்கத் தொழிலாளர் துறையின் ஓ.டபிள்யூ.சி.பி. என்ற இழப்பீட்டு அலுவலகம். வேலையில் சேர்ந்த முதல் நாளிலிருந்தே அந்தப் பாதுகாப்பு உண்டு. வேலையே செய்ய முடியாமல் போனால் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கு. மனைவியோ பிள்ளைகளோ உங்களை நம்பி இருந்தால் முக்கால் பங்கு. வருமான வரி கிடையாது.

ஓய்வூதியம், மத்திய அரசு ஊழியர் விவகாரங்களைக் கவனிக்கும் ஓ.பி.எம். அலுவலகத்தின் பொறுப்பு. ஃபெர்ஸ் என்ற மத்திய அரசு ஊழியர் ஓய்வூதியத் திட்டத்தில் 18 மாதச் சேவையாவது வேண்டும். காயம் வேலையிடத்தில் பட்டிருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மிக அதிகச் சம்பளம் வாங்கிய தொடர்ச்சியான 3 ஆண்டுகளின் சராசரியில் முதல் ஆண்டு 60 சதவீதம், பிறகு 62 வயது வரை 40 சதவீதம். இதற்கு வரி உண்டு.

உங்கள் சம்பளமும் அந்தச் சராசரியும் 60,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். குடும்பஸ்தருக்கு இழப்பீடு ஆண்டுக்கு 45,000. ஓய்வூதியம் முதல் ஆண்டு 36,000, அடுத்த ஆண்டிலிருந்து 24,000. இதைப் பார்த்துவிட்டு ஓய்வூதியம் எதற்கு என்று நினைக்கத் தோன்றும். ஆனால் இழப்பீடு நிலையானதல்ல. வேறு மருத்துவரிடம் அனுப்புவார்கள். அவர் உடல் தேறிவிட்டது என்று எழுதினால் பணம் நின்றுபோகலாம். எனக்குத் தெரிந்த ஒருவருக்கு அப்படித்தான் நின்றது. வேலையிலிருந்து விலகிய ஓராண்டுக்குள் ஓ.பி.எம்.முக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. மாதாமாதம் இழப்பீடு வருகிறதே என்று அவர் அந்த ஓராண்டைக் கழித்துவிட்டார். முன்பே அனுமதி வாங்கியிருந்தால், இழப்பீடு வரும்வரை ஓய்வூதியம் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கும். அது நின்றதும் இதைத் தொடங்கியிருக்கலாம். ஓய்வூதியம் வாங்கிக்கொண்டே தனியார் வேலைக்கும் போகலாம், பழைய பதவியின் இன்றைய சம்பளத்தில் 80 சதவீதத்தை எட்டாதவரை.

ஒன்றைத்தான் வாங்கலாம் என்ற விதிக்கு ஒரு விலக்கு உண்டு. கை, கால் போன்ற உறுப்பின் நிரந்தரப் பாதிப்புக்குத் தனியாக ஒரு தொகை தருவார்கள். ஒரு கை முழுதும் போனால் 312 வாரங்களுக்கான தொகை. அதை ஓய்வூதியத்தோடு சேர்த்தே வாங்கலாம்.

அமெரிக்க அரசின் சமூகக் காப்பீடான சோஷியல் செக்யூரிட்டியின் இயலாமைத் தொகைக்கும் விண்ணப்பித்தாக வேண்டும். அது கிடைத்தால் முதல் ஆண்டு ஓய்வூதியத்திலிருந்து முழுவதையும், பிறகு அதில் 60 சதவீதத்தையும் கழிப்பார்கள். அனுமதி தாமதமாகி நிலுவையாக வரும் பணத்தைச் செலவழித்துவிடாதீர்கள், ஓ.பி.எம். திருப்பிக் கேட்கும்.

இதெல்லாம் பிந்திய கதை. பனிக்காலத்தில் ஒரு வாசற்படியில் வழுக்கி விழுந்தால் முதலில் காயத்தைத் தெரிவிக்கும் சிஏ-1 படிவம். 30 நாட்களுக்குள் கொடுத்தால்தான் 45 நாட்கள் வரை சம்பளம் தொடரும். அதிலும் தபால் ஊழியருக்கு முதல் 3 நாட்கள் காத்திருப்பு. அந்தப் படிவத்தில் மேற்பார்வையாளர் கையெழுத்திட்டுத் தரவேண்டிய ரசீதுப் பகுதி ஒன்று இருக்கிறது. வலியோடு வலியாக அதையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.