கம்பியில் மாட்டிய துப்பாக்கி

அன்புள்ள ஆசிரியருக்கு,

'டெர்மினேட்டர்' இரண்டாம் படத்தைப் பள்ளி நாட்களில் அண்ணனோடு பார்த்தேன். வசனங்களை இருவரும் மனப்பாடமாக ஒப்பிப்போம். முதல் இரண்டு படங்களை இயக்கிய ஜேம்ஸ் கேமரூன் தயாரிப்பாளராகத் திரும்பிவிட்டார் என்று நம்பி 'டார்க் ஃபேட்' (2019) பார்த்து நொந்துபோனேன். இயந்திரங்களை எதிர்த்து மனிதர்களுக்குத் தலைமை தாங்கப்போகும் ஜான் கானரைத் தொடக்கத்திலேயே கொன்றுவிட்டார்கள். பழைய ரசிகர்களுக்கு இது துரோகம் இல்லையா? வில்லன் இயந்திரத்துக்காவது இன்னும் பயங்கரமான சக்திகளைக் கொடுத்திருக்கலாம்.

கே.

அன்புள்ள கே.,

அண்ணனோடு சேர்ந்து ஒப்பித்த படம் என்றால் கோபம் வரத்தான் செய்யும். அந்தக் கோபம் எனக்குப் பிடித்திருக்கிறது.

ஆனால் துரோகம் எல்லாம் பெரிய வார்த்தை. ஒரு பாத்திரத்தைக் கொல்வது கதை எழுதுகிறவரின் உரிமை. கொன்ற பிறகு ஜானின் இடத்தில் ஒரு பெண்ணையும் மனிதர்களை அழிக்கக் கிளம்பிய கம்ப்யூட்டரான ஸ்கைநெட்டின் இடத்தில் வேறொரு பெயரையும் வைத்து அதே கதையை ஓட்டியது சோம்பேறித்தனம். சரி, அதை விடுங்கள்.

நான் எழுத உட்கார்ந்தது உங்கள் கடைசி வரிக்காக. இன்னும் சக்தி வேண்டுமாம்! இப்படிக் கேட்டுக் கேட்டுத்தான் இந்த வரிசையை நாசமாக்கினீர்கள்.

1991-இல் வந்த இரண்டாம் படத்தில், ஜானைக் கொல்ல வரும் இயந்திரமான டி-1000 என்ன செய்யும், என்ன செய்யாது என்பதை, காக்க வந்த இயந்திரமான அர்னால்ட் சிறுவன் ஜானிடம் விளக்குவார். தன் அளவுள்ள எந்த உருவத்தையும் அது எடுக்கும், கத்தியாக மாறும். துப்பாக்கியாக, வெடிகுண்டாக மாற முடியாது. பிறகு மனநல மருத்துவமனைக் காட்சி. பூட்டிய கம்பிக் கதவுக்குள் டி-1000 நடந்தே நுழைகிறது. முகம் கம்பிகளுக்கு நடுவே மாவு மாதிரி பிதுங்கி, மறுபக்கம் மீண்டும் முகமாகிறது. உடல் முழுக்க வந்தாயிற்று, கை மட்டும் வரவில்லை. கையிலுள்ள துப்பாக்கி கம்பியில் 'டக்'கென்று மாட்டிக்கொள்கிறது. அது திரும்பிப் பார்த்து, துப்பாக்கியைச் சாய்த்து, உருவிக்கொண்டு நடக்கிறது. அந்த இடத்தை கேசட்டில் பின்னோக்கி ஓட்டி ஓட்டிப் பார்த்தவன் நான். உடல் உலோகக் குழம்பு, துப்பாக்கி வெறும் துப்பாக்கி. வசனத்தில் சொன்ன விதியைப் படம் அங்கே கண்ணெதிரே மதிக்கிறது.

1984 படமும் அப்படியே. போரில் ஆவணங்கள் அழிந்ததால், ஜானின் அம்மாவைக் கொல்ல எதிர்காலத்திலிருந்து வந்த இயந்திரத்துக்குத் தெரிந்தது சாரா கானர் என்ற பெயரும் ஊரும்தான். முகம் தெரியாது. டெலிபோன் டைரக்டரியைப் புரட்டி, அந்தப் பெயருள்ள பெண்களை வரிசைப்படி கொன்றுகொண்டே வருகிறது. அதற்கு முகம் தெரிந்திருந்தால் படம் கால்மணி நேரத்தில் முடிந்திருக்கும்! தெரியாததால்தான் நமக்கு வயிற்றைக் கலக்குகிறது.

அப்புறம் ஏலம் தொடங்கியது. 2003-இல் வந்த பெண் இயந்திரத்துக்கு உடம்புக்குள்ளேயே ஆயுதங்கள், மற்ற இயந்திரங்களை ஆட்டிவைக்கும் வித்தை வேறு. 2009-இல் ஸ்கைநெட்டே ஒரு பெண்ணின் முகத்தோடு திரையில் தோன்றித் தன் திட்டத்தை விளக்கியது. (மேனேஜர் மீட்டிங் நடத்துவது போல. முதல் இரண்டு படங்களில் அது வாயே திறக்கவில்லை.) 2015-இல் ஜானையே இயந்திரமாக்கினார்கள். நீங்கள் நொந்துகொண்ட 2019 படத்தில் எலும்புக்கூடு தனியாக, மேல்தோல் தனியாகப் பிரிந்து இரண்டு ஆளாக நின்று அடிக்கிறது. இதற்குமேல் என்னய்யா சக்தி வேண்டும்?

டி-1000 வரும்போது 'இந்தக் கதவு தாங்குமா, லிஃப்டுக்குள் போனால் தப்பலாமா' என்று நானும் சேர்ந்து கணக்குப் போடுவேன். எதுவும் செய்யக்கூடிய இயந்திரத்திடம் என்ன கணக்குப் போடுவது? அது விழும், எழும், மறுபடி விழும். டைரக்டர் போதும் என்றதும் சாகும். இருட்டில் உட்கார்ந்து மணி பார்க்க வேண்டியதுதான்.

1991-இல் கேமரூனுக்கே கை கட்டித்தான் இருந்தது. டி-1000-க்காகக் கம்ப்யூட்டரில் செய்த காட்சிகள் மொத்தம் ஐந்து நிமிடம் போலத்தான். மீதியை ஸ்பெஷல் எஃபெக்ட்ஸ் கலைஞர் ஸ்டான் வின்ஸ்டன் பட்டறையின் பொம்மைகளும், டி-1000-ஆக நடித்த ராபர்ட் பாட்ரிக்கின் ஓட்டமும் பார்த்துக்கொண்டன. கண் இமைக்காமல், மூச்சு வாங்காமல் அந்த மனிதர் ஓடுவாரே, அதற்கு எந்த கிராஃபிக்ஸ் ஈடு?

அடுத்த படம் வந்தால் அண்ணனோடு போய்ப் பாருங்கள், நானும் பார்ப்பேன். வில்லனுக்குச் சக்தி பத்தவில்லை என்று மட்டும் எனக்குக் கடிதம் போடாதீர்கள்.