போனில் நெட் வருகிறது, கம்ப்யூட்டரில் மட்டும் எந்தப் பக்கமும் திறக்கவில்லை. ஏன்?

ஏற்காட்டில் இடிமழையில் கரண்ட் போய் வந்ததிலிருந்து உங்கள் பழைய கம்ப்யூட்டரில் இந்தத் தொல்லை என்கிறீர்கள். அதே வைஃபையில் போன் ஓடுவதால் மோடத்தைச் சந்தேகிக்க வேண்டாம். முதலில் திரையின் வலது கீழ் மூலையில் தேதியைப் பாருங்கள். அஸ்தம்பட்டியில் அக்கா வீட்டுக் கம்ப்யூட்டரில் 2009 ஜனவரி 1 என்று நின்றது!

இணையதளம் அசல்தான் என்று பிரவுசருக்குக் காட்டும் பாதுகாப்புச் சான்றிதழுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. கடிகாரம் பின்னால் போய்விட்டால், சான்றிதழ் இன்னும் நடைமுறைக்கே வரவில்லை என்று நினைத்து பிரவுசர் தடுத்துவிடும். தேதியைத் திருத்தினால் பக்கங்கள் திறக்கும். ஆனால் அடுத்த முறை கரண்ட் போனால் மறுபடியும் இதே கதைதான். கரண்ட் இல்லாதபோது கடிகாரத்தை ஓட்டுவது, மதர்போர்டில் (கம்ப்யூட்டருக்குள் இருக்கும் முக்கிய சர்க்யூட் பலகை) காசு மாதிரி வட்டமாக இருக்கும் 3 வோல்ட் பேட்டரி. அது தீர்ந்திருக்கும், பெரும்பாலும் சிஆர்2032 வகை. பிளக்கைக் கழற்றிவிட்டு மாற்றுங்கள்.

தேதி சரியாகவே இருக்கிறதா? அப்போது கம்ப்யூட்டரின் நெட்வொர்க் செட்டிங்கில் டிஎன்எஸ்ஸை (இணையதளப் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் சேவை) கூகுளின் 8.8.8.8 என்று மாற்றிப் பாருங்கள்.