கடனை வாராக்கடன் ஆக விட்டு, பாதிக்கு முடிக்கலாமா?

கேள்வி: திருப்பூரில் 16 மெஷின் வைத்து, ஏற்றுமதி கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் தைத்துக் கொடுக்கிறேன். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா வரியை 50 சதவீதமாக்கிய பிறகு ஆர்டர் பாதியாகிவிட்டது. பில் பணம் நான்கு மாதமாக வரவில்லை. வங்கியில் இரண்டு தவணை பாக்கி. “வாராக்கடன் ஆகட்டும், பாதிக்கு முடித்துத் தருகிறேன்” என்கிறார் ஒரு ஏஜென்ட். நம்பலாமா?

பதில்: வேண்டாம். அவர் சொல்வதில் அவருடைய கமிஷன் தெரிகிறது, உங்கள் லாபம் தெரியவில்லை.

முதல் பாக்கி விழுந்து 90 நாள் தாண்டினால் கணக்கு வாராக்கடன். அதே வங்கியில் உங்கள் பெயரில் வீட்டுக் கடன் இருந்தால், அதை மாதம் தவறாமல் கட்டினாலும் அதுவும் கூடவே விழும். அப்புறம் ஒரு தவணை கட்டிச் சரிசெய்ய முடியாது, பாக்கி முழுவதையும் அடைக்க வேண்டும். 60 நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டு, வழக்குப் போடாமலே அடமானச் சொத்தை வங்கி எடுக்கலாம். பாதிக்கு முடிப்பது வங்கியின் விருப்பம், உங்கள் உரிமை அல்ல. முடித்தாலும், உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் ‘செட்டில்டு’ (முழுதாகக் கட்டாமல் முடித்தது) என்று ஏறும். அடுத்த கடன் கேட்கும்போதுதான் அதன் வலி தெரியும்.

உங்களுக்கு வழி அந்த 90 நாளுக்குள்தான் இருக்கிறது. நலிந்த சிறுதொழில்களின் கடனை மாற்றியமைக்க 2015-ல் மத்திய அரசு ஒரு திட்டம் அறிவித்தது. 25 கோடி ரூபாய் வரையிலான கடனுக்குப் பொருந்தும். விண்ணப்பத்தை நீங்களே கொடுக்கலாம், யாருக்கும் பத்து பைசா தர வேண்டாம். கிளையில் “அப்படி ஒன்றும் இல்லையே” என்பார்கள். வங்கிக்கான திட்டத்தைக் கடன் வாங்கியவர் போய்ச் சொல்லிக்கொடுக்க வேண்டிய நிலைமை! இந்தத் திட்டம் வங்கிகளைக் கட்டுப்படுத்தும் என்று 2024-ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. கடன் வாங்கியவரும் நேரத்தோடு, ஆவணத்தோடு கேட்க வேண்டும் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. ஆகவே வாய்ப்பேச்சு வேண்டாம். வராத பில்களின் பட்டியல், ஆறு மாத வரவு செலவுக் கணிப்பு இரண்டையும் இணைத்து எழுத்தில் கொடுத்து, நகலில் சீல் வாங்குங்கள். மறுத்தால் ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள்.

பில் பணத்துக்கு வருவோம். புகார் கொடுத்தால் ஆர்டர் போய்விடும் என்ற பயம் நியாயமானது. முதலில் கம்பெனியின் கணக்காளரிடம் பேசுங்கள். உத்யம் என்ற மத்திய அரசின் சிறுதொழில் பதிவுள்ள குறு, சிறு நிறுவனத்துக்கு அதிகபட்சம் 45 நாளுக்குள் தராத பணத்தை, கொடுக்கும் வரை வருமான வரியில் அவர்கள் செலவாகக் காட்ட முடியாது. மார்ச் நெருங்கும்போது இதை நினைவூட்டினால் பணம் நகரும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. உத்யம் சான்றிதழில் ‘வர்த்தகம்’ என்று இருந்தால் இந்த 45 நாள் உரிமை கிடையாது. வாங்கி விற்பவர்களுக்கு அந்தப் பதிவு முன்னுரிமைக் கடனுக்கு மட்டும்தான் உதவும். நீங்கள் தைப்பவர், உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் இலவசமான பதிவுக்குக் காசு வாங்கிக்கொண்டு, தையல் யூனிட்டையே வர்த்தகம் என்று போட்டுக்கொடுத்த ஏஜென்ட்களை நான் பார்த்திருக்கிறேன். சான்றிதழை இன்றே எடுத்து, உற்பத்தி அல்லது சேவை என்று இருக்கிறதா பாருங்கள். தவறாக இருந்தால் உத்யம் இணையதளத்தில் நீங்களே திருத்தலாம், அதற்கும் கட்டணம் இல்லை.

அந்த ஏஜென்டிடம் கையெழுத்துப் போட்ட வெற்றுக் காசோலை ஏதாவது கொடுத்திருக்கிறீர்களா? வங்கிக்குப் போகுமுன் அதைத் திரும்ப வாங்கிவிடுங்கள்.